ஏழு மணிப் பெரட்டு

ஜனவரி 19, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. நேற்றுத் துவைத்த துணி இன்னும் காயவில்லை. ஹாலில் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். வீடு முழுக்க ஈர வாடை.

செய்ய வேண்டியவை:
உளுந்து ஊறப் போட.
மகனின் வேலை யூனிஃபார்மில் பட்டன் தைக்க.
பெருமாள் அண்ணன் வீட்டுச் சாவியை அவர் மகளிடம் சேர்க்க.

மூன்றாவதை எழுதும்போதே கை நின்றுவிட்டது.

நேற்றுக் காலை பத்து மணிக்கு ஒன்பதாம் நம்பர் வீட்டுப் பெருமாள் அண்ணனைக் குளியலறைத் தரையிலிருந்து தூக்கினோம். விழுந்தது வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெள்ளி, சனி, இரண்டு ராத்திரி அதே ஈரத் தரையில். குழாய் கைக்கு எட்டியதால் தண்ணீர் குடித்துப் பிழைத்தார். இடுப்பு எலும்பு போய்விட்டது. சிரம்பான் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார்.

எங்கள் இடம் ரெம்பாவ் டவுனிலிருந்து கால் மணி நேரம். எதிரும் புதிருமாகப் பதினொன்று, பதினொன்று, மொத்தம் இருபத்திரண்டு வீடு. எஸ்டேட்டை விற்றபோது எங்களுக்கென்று கட்டிக் கொடுத்தவை. கல் வீடுதான், ஆனால் பழைய எஸ்டேட் வரிசை வீடுகளைச் சொன்ன மாதிரி இன்னும் லயம் என்றுதான் வாயில் வருகிறது. ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் பதினாறு வீட்டுக்குத் தெரியும். எந்த வீட்டுப் பெண்ணைப் பார்க்க யார் வந்தார்கள், என்ன நிறக் கார், எத்தனை பழத்தட்டு, எல்லாம் தெரியும். ஒரு மனிதர் இரண்டு ராத்திரி கூப்பிட்டுக்கொண்டே கிடந்தது தெரியாது.

எல்லோரும் ஒரே பதில்தான். "வாசல்ல மோட்டார் இல்ல. அதான் மக வீட்டுக்குப் போயிட்டாருன்னு நெனச்சோம்." மோட்டார் சைக்கிளைத் தங்கை மகனுக்கு இரவல் கொடுத்திருந்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான் பத்தாம் நம்பர். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்.

கடைசியில் கண்டுபிடித்தது யாந்தி. பதினேழாம் நம்பரில் வாடகைக்கு இருக்கும் இந்தோனேசியப் பெண். வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. குவே பலகாரம் கொடுக்கப் போனவள், கதவு திறக்காததால் சும்மா திரும்பாமல் பின்பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள்.

வெட்கமாக இருக்கிறது. அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் அறுபது பெண்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவள் நான். ஒரு ஆள் குறைந்தால் பார்த்த மாத்திரத்தில் சொல்வேன்.

ஜனவரி 21, புதன்

மழை விட்டது. பிரஷர் மாத்திரை தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும்.

மருமகள் ஷாலினிக்கு இன்று லீவு. என்னை சிரம்பானுக்கு அழைத்துப் போனாள். பெருமாள் அண்ணன் தெளிவாகத்தான் பேசுகிறார். ஆபரேஷன் முடிந்து சிரம்பானிலேயே மகள் வீட்டில் மூன்று மாதமாம். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். ஒரு சுளை தின்றுவிட்டுச் சொன்னார்:

"மங்களம், சனிக்கெழம நீ டிவி பாக்குற சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நீ சிரிச்சதுகூடக் கேட்டுச்சு. நான் கூப்ட்டதுதான் ஒனக்குக் கேக்கல."

குறையாகச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் சுட்டது. திரும்பும் வழியில் "அத்தை, ஒடம்புக்கு முடியலையா?" என்று இரண்டு தடவை கேட்டாள் ஷா.

யோசித்துப் பார்த்தேன். காலை ஐந்தரைக்கு சுங்கை காடுட் ஃபேக்டரி பஸ் வந்து சின்ன வயசுக்காரர்களை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. மிச்சம் இருப்பது எங்களைப் போலக் கிழடு கட்டைகள். சர்க்கரை, பிரஷர், முட்டி வலி. பதிமூன்று வீட்டில் பகலில் ஒற்றை ஆள்தான். இன்னொரு பெருமாள் அண்ணன் விழமாட்டார் என்று யார் சொன்னது?

தினமும் காலையில் ஒவ்வொரு வீட்டிலும் ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். இதைச் செய்யாமல் விடமாட்டேன்.

ஜனவரி 25, ஞாயிறு

வெயில். துணி எல்லாம் காய்ந்தது. குரங்குகள் வந்து ஜம்புக்காயைக் கடித்துக் கடித்து எறிந்துவிட்டுப் போயின.

ஷா போட்ட வாட்ஸ்அப் குரூப் மூன்றாம் நாளே படுத்துவிட்டது. விதி என்னவோ சுலபம். காலை ஏழு மணிக்குள் வீட்டுக்கு ஒருவர் "இருக்கேன்" என்று போட வேண்டும். வந்தவை:

ரோஜாப்பூ வைத்த காலை வணக்கம்.
முருகன் படம், இருபதுக்கு மேல்.
வெந்நீரில் எலுமிச்சை பிழிந்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று யாரோ பேசும் ஆடியோ, அதுவே நான்கு முறை.
யாரோ சுட்ட தோசை.

இதற்கு நடுவில் "இருக்கேன்" எங்கே என்று ஒன்பது மணி வரை தேடினேன். கண் வலி.

இன்னும் கேள். பதினாலாம் நம்பர் குப்பம்மாவுக்குப் போனில் எழுதத் தெரியாது. ஆனால் தினமும் டாண் என்று ஆறு ஐம்பதுக்கு "இருக்கேன்" வருகிறது. எப்படி என்று பார்த்தால் போடுவது கோலாலம்பூரில் இருக்கும் மகள். போன் பண்ணிக் கேட்டேன்.

"அம்மா எங்க போயிரப் போறாங்க ஆன்ட்டி? வீட்லதானே இருப்பாங்க. அதான் நானே போட்டுர்றேன் லா."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. ஆள் இருக்கிறதா என்று கேட்டால் அந்த ஆளின் குரல் கேட்க வேண்டும். பெரட்டில் ஒருத்திக்காக இன்னொருத்தி பதில் சொல்ல விட்டிருக்கிறேனா நான்?

அந்தச் சொல் வந்ததும் உட்கார்ந்துவிட்டேன். பெரட்டு.

ஜனவரி 26, திங்கள்

பழைய எஸ்டேட்டில் விடியும் முன் மணி அடிக்கும். களத்தில் எல்லோரும் வரிசையில் நிற்க வேண்டும். மண்டோர் பேர் கூப்பிட, ஆள் பதில் சொல்ல, கணக்குப் பார்க்கும் கிராணி புத்தகத்தில் எழுத, அதற்குப் பிறகுதான் வேலைக்காட்டுக்குப் போவது. அதுதான் பெரட்டு. அதற்குப் பயந்து ஓடிய கால்கள்தான் இன்று இந்த இருபத்திரண்டு வீட்டிலும் முட்டி வலியோடு கிடக்கின்றன.

அந்த மணி எங்கே என்று தேடினேன். தண்டவாளத் துண்டு அது. கடைசியில் கோயிலுக்குப் பின்னால் பொங்கல் அடுப்புக்கு ஒரு பக்கம் முட்டாகக் கிடந்தது, கரி பிடித்து. மகனும் அவன் கூட்டாளியும் தூக்கி வந்து இரண்டு வரிசைக்கும் நடுவில் இருக்கிற ஜம்பு மரத்தில் தொங்கவிட்டார்கள். சுத்தியலால் ஒரு தட்டு தட்டினேன்.

அடேயப்பா. பாதிப் பேர் வாசலுக்கு ஓடி வந்துவிட்டார்கள். ஐந்தாம் நம்பர் முனியம்மா ஒரு கையில் செருப்போடு வந்தாள். "அக்கா, லேட்டாயிருச்சோன்னு நெனச்சிட்டேன்!" வேலையை விட்டுப் பதினைந்து வருஷம் ஆகிறது அவளுக்கு.

விதிகள் (எல்லோரிடமும் சொல்லியாயிற்று):
ஏழு மணிக்கு மணி. நான் வீட்டு நம்பர் கூப்பிடுவேன்.
வீட்டிலிருந்தே "இருக்கேன்". சொந்தக் குரலில்.
எல்லோரும் வேலைக்குப் போன வீட்டுக்குப் பக்கத்து வீடு "வேலை" என்று சொல்ல வேண்டும். ஊருக்குப் போனால் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.
பதில் வராத வீட்டுக்கு உடனே இரண்டு பேர் போக வேண்டும். மோட்டார் இருக்கா இல்லையா என்று ஆராய்ச்சி பண்ணக் கூடாது.

ஜனவரி 27, செவ்வாய்

முதல் பெரட்டு! ராத்திரி சரியாகத் தூக்கம் இல்லை, கல்யாண வீட்டுக்காரி மாதிரி.

நோட்டுப் புத்தகம், பென்சில், சுத்தியல். ஏழு மணிக்கு மூன்று அடி. "ஒண்ணு!" என்றேன். பத்தொன்பது வருஷம் கத்திய குரல், துருப் பிடிக்கவில்லை.

"இருக்கேன்!"

"ரெண்டு!" "இருக்கேன்!" "மூணு!" "இருக்கேன் லா, கஞ்சி வக்கிறேன்!" ஏழாம் நம்பர் இருமலோடு இருக்கிறது. ஒன்பது என்றதும் ஒரு நிமிஷம் யாருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. பெருமாள் அண்ணன் மகள் வீட்டில் அல்லவா? யாரோ "சிரம்பான்!" என்றார்கள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து "சிரம்பான்!" என்றார்கள். ஒன்பதுக்கு அடுத்து பதினொன்று, அங்கே கணவன் மனைவி இருவரும் ஃபேக்டரி, "வேலை!" குப்பம்மா தன் சொந்த வாயால் "இருக்கேன்" என்றாள். பதினேழு என்றதும் யாந்தி "ஆடா!" என்றாள், மலாயில் அதுவும் "இருக்கேன்"தான். பிள்ளைகள் எல்லாம் கைதட்டின.

இருபத்திரண்டு. கடைசி வீடு. அஞ்சலை.

பதில் இல்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டேன். இரண்டு பேர் போகத் திரும்பினார்கள். அதற்குள் ஜன்னல் பலகை படார் என்று திறந்தது. ஆள் இருக்கிறாள். பதில்தான் சொல்லமாட்டாள். என் பெரட்டுக்குச் சொல்லமாட்டாள்.

இருந்தாலும் முதல் நாளே இவ்வளவு! பெருமையாக இருக்கிறது. யாரும் படிக்கப் போவதில்லை, அதனால் எழுதலாம். ரொம்பப் பெருமையாக இருக்கிறது.

ஜனவரி 30, வெள்ளி

நாலு நாளாக இருபத்திரண்டுக்குப் பதில் இல்லை. ஜன்னலைப் பார்த்து நோட்டில் புள்ளி வைக்கிறேன், மற்றவர்களுக்கெல்லாம் கோடு.

இன்று நேரிலேயே போனேன். அஞ்சலைக்கு ஐம்பத்தேழு வயது, என்னைவிட நாலு குறைவு. தனி ஆள். மகன் ஜொகூரில். சர்க்கரை வேறு, போன வருஷம் ஒருமுறை மயங்கி விழுந்தவள். இந்த லயத்தில் பெரட்டு யாருக்கு வேண்டுமோ இல்லையோ, அவளுக்கு வேண்டும். வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போகவில்லை. அதுவே பெரிது.

"இருக்கேன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சிரும் அஞ்சலை? ஒனக்காகத்தான் சொல்றேன்."

"எனக்காகவா? சரி மண்டோரம்மா. ஒண்ணு கேக்குறேன். நான் பத்து நிமிசம் லேட்டா பதில் சொன்னா, ஒன் நோட்ல என்ன போடுவ?"

நான் கீரைத் தட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க, அவளே சொன்னாள்:

"அரைப் பேர்தானே போடுவ?"

"அது பழைய கத லா அஞ்சலை."

"ஒனக்குப் பழசு."

கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

எழுதிவிடுகிறேன். இருபத்தாறு வருஷம் ஆகிறது. நான் மண்டோராகி மூன்றாம் மாதம். பெரட்டில் அஞ்சலை பேரைக் கூப்பிட்டேன், ஆள் இல்லை. பத்து நிமிஷம் கழித்து ஓடி வந்தாள். ராத்திரி முழுக்கப் பிள்ளைக்குக் காய்ச்சல், டிஸ்பென்சரியில் விட்டுவிட்டு வந்தாளாம். கிராணி நல்ல மனுஷர். "மண்டோர் என்ன சொல்றீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். முழுப் பேர், அதாவது முழு நாள் கூலி, என்று சொல்லியிருக்கலாம். அறுபது பெண்களும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். கண்டிப்பானவள் என்று பேர் வாங்க வேண்டும் எனக்கு. "அரைப் பேர்" என்றேன், சத்தமாக. அன்றைக்கு அவள் சாயங்காலம் வரை முழு நாளும் புல் வெட்டினாள். எழுதியது அரை ஆளாக.

அதற்குப் பிறகு என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. மண்டோரம்மாதான்.

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். வாசலில் நின்றபோது நாக்கு நுனி வரை வந்தது. வெளியே வரவில்லை. அறுபத்தொரு வயதில் இந்த வீறாப்பு எதற்கு என்று எனக்கே தெரியவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். வாடகை பஸ்ஸில் எல்லோரும் கோயிலுக்குப் போய் வந்தோம். பஸ் கிளம்பும் முன் "அக்கா, பெரட்டு எடுங்க!" என்று பிள்ளைகள் ஒரே ரகளை. எடுத்தேன். பஸ்ஸே அதிர்ந்தது. அஞ்சலை கடைசி சீட்டில், ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கால் வீங்கியிருக்கிறது. உப்பு வெந்நீர்.

பிப்ரவரி 5, வியாழன்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்கப் போவதில்லை.

காலை பதினோரு மணி இருக்கும். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "இருக்கேன்! இருக்கேன்! இருக்கேன்!" என்று ஒரு கத்தல். குப்பம்மா குரல். பதினோரு மணிக்கு இவளை யார் கூப்பிட்டார்கள்? உடனே புரிந்துவிட்டது. ஓடிப் போய்த் தண்டவாளத்தை அடி அடியென்று அடித்தேன்.

விஷயம் இதுதான். ஒரு வேன், இரண்டு ஆண்கள், மடிப்புக் கலையாத சட்டை, கழுத்தில் அட்டை. கேஸ் டியூப் செக் பண்ண வந்திருக்கிறோம் என்று சொல்லிக் குப்பம்மா வீட்டு அடுப்படி வரை போய்விட்டார்கள். டியூப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, இது வெடித்துவிடும், புதிது மாட்டியே ஆக வேண்டும் என்று மிரட்டல். தனி ஆள். என்ன செய்வாள்? வாசலுக்கு வந்து, தெரிந்த ஒரே வார்த்தையைக் கத்திவிட்டாள்.

வந்து சேர்ந்த படை: முனியம்மா, கையில் விளக்குமாறு. யாந்தி, சட்டி மூடி. மூன்றாம் நம்பர், கஞ்சிக் கரண்டி, கஞ்சி சொட்டச் சொட்ட. ஏழாம் நம்பர் இருமிக்கொண்டே. மொத்தம் பதினோரு பேர். எல்லோருக்கும் வயசைக் கூட்டினால் எங்கேயோ போகும்.

நான் முன்னால் போனேன். "கார்ட் மானா?", அட்டை எங்கே என்று மலாயில் கேட்டேன். கழுத்து அட்டையைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டான் ஒருவன். யாந்தி வேன் நம்பரைப் போட்டோ பிடித்தாள். அவ்வளவுதான். கழற்றிய டியூப்பைக் கீழே வைத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். டியூப்புக்கு ஒரு கேடும் இல்லை, போன வருஷம் மகள் வாங்கி மாட்டியது. சாயங்காலம் ரெம்பாவ் போய் போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம்.

ஒன்று சொல்ல வேண்டும். வேன் திரும்பிப் போன முனையில், இருபத்திரண்டாம் நம்பர் வாசலில், அஞ்சலை நின்றாள். கையில் பாராங் கத்தி. வேன் மெயின் ரோட்டில் ஏறும் வரை அசையவில்லை. அப்புறம் என் பக்கம் பார்க்காமல் உள்ளே போனாள். மணி சத்தம் கேட்டுத்தான் வந்திருக்கிறாள்.

இரவு ஷாவிடம் மூன்று தடவை இந்தக் கதையைச் சொல்லிவிட்டேன். மூன்றாம் தடவை அவளே முடித்து வைத்தாள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

நல்ல வெயில். மிளகாய் காயப் போட்டேன்.

பக்கத்துத் தாமான் குடியிருப்பிலிருந்து ஐந்து பேர் வந்தார்கள், எங்கள் பெரட்டைப் பார்க்க! அவர்களும் செய்யப் போகிறார்களாம். தங்களிடம் தண்டவாளம் இல்லையே என்று கவலைப்பட்டார்கள். பழைய கேஸ் சிலிண்டர் மூடியைத் தட்டுங்கள், சத்தம் முக்கியமில்லை, பதில்தான் முக்கியம் என்று அரை மணி நேரம் பேசினேன். டீ ஆறிப் போனது.

"அத்தை, நீங்க எலெக்‌ஷன்ல நிக்கலாம் லா," என்றாள் ஷா. பிறகு நோட்டைப் புரட்டிக்கொண்டே, "ஆமா, இதுல நம்ம வீடு எங்க? ஒம்போதுக்கு அப்புறம் பதினொண்ணு போட்டிருக்கீங்க?"

"கூப்புடுறவளே நான்தானே. மண்டோர் பேர் எந்தப் பெரட்டுல வந்திருக்கு?"

படிச்ச பெண்களுக்கு எஸ்டேட் நடைமுறை தெரிவதில்லை.

இன்றும் இருபத்திரண்டுக்குப் புள்ளிதான். மற்ற வீட்டுக்கு மூன்று எண்ணும் வரை நிற்பேன். அவளுக்குப் பத்து எண்ணுகிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி. ஆஸ்பத்திரி

எழுதுகிற கை தப்பியது. இடது மணிக்கட்டு முறிவு, கட்டுப் போட்டிருக்கிறது. வலது கணுக்கால் வீக்கம். ஷா இந்தப் புத்தகத்தைப் படிக்காமல் கொண்டுவந்தேன் என்கிறாள். நம்புகிறேன்.

விழுந்தது புதன்கிழமை. பின்கட்டில் துணி துவைக்கும் இடம், முந்தின நாள் மழையில் பாசி. ஆறே கால் இருக்கும், மகனும் ஷாவும் வேலைக்குப் போயாயிற்று. வாளியோடு போய் வழுக்கினேன். கை உடம்புக்கு அடியில், கால் சாக்கடை மூடிக்கு இடுக்கில். போன் ஹாலில். கூப்பிட்டேன். ஒரு பக்கம் ஒன்பது, சிரம்பானில். இன்னொரு பக்கம் பதினொன்று, வேலையில். பின்னால் எண்ணெய்ப் பனை. அவற்றுக்குத்தான் கேட்டிருக்கும்.

எங்கோ டிவியில் ஏழு மணிச் செய்தி தொடங்கும் சத்தம் கேட்டது. பெரட்டு நேரம். நான் மணி அடிக்கவில்லை. இப்போது வந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். வாசல் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். யாரும் வரவில்லை. பதில் வராத வீட்டுக்கு உடனே போக வேண்டும் என்று விதி போட்டவள் நான். என் வீட்டைத்தான் யாருமே கூப்பிடவில்லையே, பதில் வரவில்லை என்று யாருக்குத் தெரியும்? பெருமாள் அண்ணன் முகம் ஞாபகம் வந்தது. அழுதேன், வலிக்காக மட்டுமில்லை.

பிறகு ஆளாளுக்குச் சொன்னது:
முனியம்மா: "கோயிலுக்குப் போயிட்டீங்கன்னு நெனச்சேன் அக்கா."
குப்பம்மா: "மழ தூறுச்சு, அதான் பெரட்டுக்கு லீவுன்னு நெனச்சேன்."
யாந்தி: நான் தூங்குகிறேன் என்று நினைத்தாளாம்.

நினைத்தார்கள். அதே நினைப்பு.

பின்கதவை யாரோ பாராங் கத்தியால் நெம்பும் சத்தம். அஞ்சலை. நைட்டி நனைந்து, தலை கலைந்து, காலில் செருப்புகூட இல்லை.

"மணி அடிக்கல," என்றாள் மூச்சு வாங்க. "ஏழு பத்தாச்சு. நீ பத்து நிமிசம் லேட்டாவுற ஆளா?"

சாக்கடை மூடியைத் தூக்கிக் காலை எடுத்துவிட்டாள். தன் மடியில் என் தலையை வைத்துக்கொண்டு யாந்தி பேரைச் சொல்லிக் கத்தினாள். அந்த ஈரத் தரையில்தான் எனக்கு வாய் திறந்தது.

"அஞ்சலை, அன்னிக்கி நான் செஞ்சது தப்பு. முழுப் பேர் போட்டிருக்கணும்."

"இப்பதான் சொல்றதுக்கு நேரம் பாத்தியா? கால ஆட்டாத." அப்புறம், "டெய்லி இருவத்திரெண்டுன்னு கத்திட்டு நிப்பியே. நான் உள்ள நின்னு எண்ணுவேன். பத்து எண்ணுற வரைக்கும் நிக்கிற. அன்னிக்கிப் பெரட்டுல அதுல பாதி நின்னிருக்கலாம் அக்கா."

அக்கா என்றாள். வலியிலும் அது கேட்டது.

ஷா சொல்கிறாள், நேற்றிலிருந்து பெரட்டு நிற்காமல் நடக்கிறதாம். யார் எடுக்கிறார்கள் என்று கேட்டால் சிரிக்கிறாள். "நோட்டக் கேட்டாங்க, குடுத்தேன்."

பிப்ரவரி 16, திங்கள். வீடு

நேற்றுச் சாயங்காலம் வந்துவிட்டேன். கட்டிலை வாசல் ஜன்னல் ஓரமாக இழுத்துப் போட்டிருக்கிறார்கள். வெளியே நடக்கக் கூடாது, பத்து நாள். ஷா லீவு போட்டிருக்கிறாள்.

காலையில் தோசை சுட்டுக் கொடுத்தாள். இரண்டாவதைத் தின்றுகொண்டிருக்கும்போது மூன்று அடி. என்னைவிடப் பலமான அடி. எட்டிப் பார்த்தேன். ஜம்பு மரத்தடியில் அஞ்சலை, இடுப்பில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என் நோட்டு, என் பென்சில்.

"ஒண்ணு!" "இருக்கேன்!" கணீரென்ற குரல். இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாள் இதை? மூணு, கஞ்சி. ஏழு, இருமல் கொஞ்சம் தேவலை. ஒன்பது என்றதும் மொத்த லயமும் "சிரம்பான்!" நான் தொடங்கிய காரியம், நான் இல்லாமலும் ஓடுகிறது. இதைவிட என்ன வேண்டும்? அடுத்தது பதினொன்று என்று தோசையைப் பிட்டு வாயில் போட்டேன்.

"பத்து!"

எனக்கு உறைக்கவில்லை.

"பத்து! மங்களம்!"

எல்லா வாசலிலும் ஆள். எல்லோரும் என் ஜன்னலைப் பார்க்கிறார்கள். பதினேழாம் நம்பரில் யாந்தி ஏற்கெனவே இரண்டடி எடுத்து வைத்துவிட்டாள் என் வீட்டுப் பக்கம். வாய் நிறைய தோசை. முழுங்கவும் முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வேறு. ஆயிரக்கணக்கான தடவை மற்றவர்கள் பேரைக் கூப்பிட்டிருக்கிறேன். மண்டோரான நாளிலிருந்து என் பேரை ஒருத்தர் கூப்பிட்டுப் பதிலுக்குக் காத்து நின்றது இதுதான் முதல் தடவை.

"இருக்கேன்!" என்றேன் ஒருவழியாக.

அஞ்சலை நோட்டைப் பார்த்தாள். பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டாள்.

"லேட்டு. அரைப் பேர்!"

முனியம்மா முதலில் சிரித்தாள். அப்புறம் மொத்த லயமும். நானும் சிரித்து, தோசை புரையேறி, ஷா ஓடி வந்து தலையைத் தட்டினாள். அஞ்சலை சிரிக்கவில்லை. பதினொன்று, பன்னிரண்டு என்று போய்க்கொண்டே இருந்தாள். கடைசியில் தன் நம்பரைத் தானே கூப்பிட்டு, "இருக்கேன்!" என்று தானே பதில் சொல்லிக் கோடு போட்டாள்.

போகும்போது ஜன்னல் வழியாக நோட்டைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனாள். பார்த்தேன். ஒன்பதுக்கும் பதினொன்றுக்கும் நடுவில் இடுக்கி ஒரு பத்து எழுதியிருக்கிறாள். அதற்கு நேராகப் பாதிக் கோடு.

நாளை தோசை பெரட்டு முடிந்த பிறகுதான்.